சீட்டுக்கு அடியில் முந்திரிக்கட்டை

டிவியில் கார் பந்தயத்துக்கு நடுவில் வந்து பேசுகிற அந்த ஆளைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது. நாலு சக்கரமும் வெளியே தெரிகிற, ஒரே ஆள் பாதி படுத்துக்கொண்டு ஓட்டுகிற அந்தக் காரை ஒரு காலத்தில் ஓட்டியவனாம். இப்போது இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையும் கையில் மைக்குமாக நிற்கிறான். ஆக்டிவ் சஸ்பென்ஷனை மறுபடி அனுமதிக்கலாமா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். கூடவே கூடாது என்றான். மேடு பள்ளத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டால் அப்புறம் ஓட்டுகிறவன் எதற்கு என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். இங்கிலீஷில்தான் சொன்னான். எனக்குப் புரிகிற அளவு இங்கிலீஷ்தான்.

இதே பேச்சை நானும் பேசியிருக்கிறேன். இதே சிரிப்பையும் சிரித்திருக்கிறேன். என் மனைவியின் அண்ணனுக்கு இடது கால் மரத்துப்போனதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம். அதை அவன் மனைவியிடம் சொல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். அந்த ஆளைப் பார்த்தால் குமட்டாமல் என்ன செய்யும்?

பந்தயம் பார்க்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எந்த வண்டியிலும் சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் இருக்கும். பள்ளத்தில் விழுந்தால் அது அமுங்கும், மேட்டில் ஏறினால் எழும்பும். அதற்குச் சொந்த புத்தி கிடையாது. ஆக்டிவ் சஸ்பென்ஷன் அப்படி இல்லை. தரை எப்படி இருக்கிறது என்று கம்ப்யூட்டர் அளந்துகொண்டே வரும். எண்ணெய் அழுத்தத்தால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகத் தூக்கும், இறக்கும். வண்டியின் உடம்பு ஆடாது. முப்பது வருஷத்துக்கும் மேலாகிறது, பந்தயத்தில் அதைத் தடை செய்து. வண்டி ரொம்ப வேகமாகப் போகிறது, திறமைக்கு மதிப்பு போய்விடும், செலவு ஏறும், பாதியில் பழுதானால் ஆபத்து என்று காரணம் சொன்னார்கள்.

அனுமதிக்க வேண்டும் என்பது என் கருத்து. நான் இன்ஜினியர் இல்லை. நெய்வேலி மைன்ஸில் காண்ட்ராக்டில் டிப்பர் ஓட்டுகிறவன். பத்தொன்பது வருஷமாக மேல்மண் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுகிறேன். பந்தயக் காரைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள், எட்டு மணி நேரம் குலுங்கிவிட்டு இறங்கிய ஒருவன் தரையில் கால் வைப்பதைப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டி வந்தால் சந்தனம், குங்குமம், மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். இது எல்லா ஊரிலும் இருப்பதுதான். அதற்குப் பிறகு நடப்பது எங்களுடையது. இப்போது வருகிற டிப்பர்களில் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு காற்றுப் பை இருக்கிறது. பக்கத்தில் ஒரு குமிழ். நம் எடைக்குத் தகுந்தபடி அதைத் திருகி வைத்துக்கொண்டால், வண்டி எவ்வளவு தூக்கிப் போட்டாலும் சீட் தன் பாட்டுக்கு ஏறி இறங்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். அந்த சீட் அசையாதபடி அடியில் ஒரு கட்டையை வைத்து அடித்து இறுக்குவோம். முந்திரிக்கட்டைதான். இந்தப் பக்கம் முந்திரித் தோப்புக்கா பஞ்சம்? அளவாக அறுத்து, ஒரு முனையைச் செதுக்கி, யார்டில் இருப்பதிலேயே பழைய டிரைவர் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டும். எலுமிச்சம்பழம் நசுங்குவதற்கு முன்னால் கட்டை ஏறிவிடும்.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வோம். சீட் ஆடினால் கிளட்ச் எட்டாது. சுரங்கத்திலிருந்து மேலே வருகிற சரிவுப் பாதையில், ராம்ப்பில், ஏறும்போது லோடு பின்னால் சரிவது இடுப்பில் தெரிய வேண்டும், ஆடுகிற சீட்டில் அது தெரியாது. மழைச் சேற்றில் சக்கரம் வழுக்குவதை முதலில் சொல்வது கண் இல்லை, உட்காருகிற இடம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மீதி வெறும் வீறாப்பு. குமிழைச் சரியாகத் திருக ஒருத்தனுக்கும் தெரியாது என்பதுதான் நிஜம். திருகாமல் உட்கார்ந்தால் ஆடத்தானே செய்யும்? ஆடுகிறது என்று கட்டை அடித்தோம். சில வருஷமாக யார்டில் பழைய ஆள் நான்தான். சுத்தியல் என் கையில்தான் இருந்தது.

மச்சானும் அதே யார்டு. வளையமாதேவிக்காரன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். வாயைத் திறந்தால் கிண்டல். பந்தயத்தை எனக்குக் காட்டியவன் அவன்தான். ஒரு ஐப்பசி மழையில் ராம்ப் முழுக்கச் சேறாகி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ரெஸ்ட் ஷெட்டில் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். மச்சான் போனில் எதையோ பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாப்ள, இங்க பாரு. கோடி ரூபா காரு. மழ வந்துடுச்சின்னு இவனுங்களும் வண்டிய நிறுத்திட்டு நம்மள மாதிரியே ஒக்காந்துகினு இருக்கானுங்க."

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் இல்லையென்றால், வடக்குத்து கிராமத்தில் இருக்கிற என் வீட்டுக்கு பைக்கில் வந்துவிடுவான். அவன் மனைவி குழம்பு கொடுத்து அனுப்புவாள். பந்தயம் முடிகிறவரை வாய்ச் சண்டை.

பிறகு ஒரு வருஷம் விதிகளை மாற்றினார்கள். காரின் அடிப்பக்கம் காற்றை இழுத்துத் தரையோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி ஆக்கினார்கள். அதற்காக அடிவயிறு தரையில் உரசுகிற உயரத்தில் காரை வைத்தார்கள், ஸ்பிரிங்கைக் கல்லு மாதிரி வைத்தார்கள். நேர்ப்பாதையில் அந்தக் கார்கள் தவளை மாதிரி குதித்தன. ஹெல்மெட் மேலும் கீழும் அடித்துக்கொண்டது. ஒரு பந்தயம் முடிந்து ஒருவன் காரிலிருந்து இறங்கினான். இறங்கினான் என்று சொல்ல முடியாது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வெளியே வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, அப்புறம் அடுத்த காலை எடுத்தான்.

மச்சான் அன்று சிரிக்கவில்லை. "மாப்ள, அவன் எறங்கறத பாத்தியா? நான் எறங்கற மாதிரியே எறங்கறான்."

அப்போதே அவனுக்கு வலி இருந்திருக்கிறது. எனக்கு உறைக்கவில்லை. ஆக்டிவ் சஸ்பென்ஷன் இருந்தால் இந்தக் குதிப்பே இருக்காது, ஆனால் தடை என்று டிவியில் சொன்னார்கள். மச்சான் கொதித்துவிட்டான்.

"மருந்த கையில வெச்சிகினு குடுக்க மாட்டேங்கறானுங்க பாரு. இன்னா மனுசனுங்க இவனுங்க?"

"அதெல்லாம் மாட்டிட்டா அப்புறம் டிரைவரு இன்னாத்துக்கு? நம்ம வூட்டு ஆயாவ ஒக்கார வெச்சா அதுவும் ஓட்டும்," என்றேன் நான்.

"ஒங்க ஆயாவ ஒக்கார வையி. மொத வளைவுலயே செவுத்துல இருக்கும். வளைவுல எப்ப பிரேக் புடிக்கணும்னு அந்த மிசினா சொல்லப் போவுது? முதுவு ஒடையாம இருந்தா தெறமை கொறஞ்சிடுமா?"

பதில் இல்லாதபோது நான் சத்தம் போடுகிறவன். அன்றும் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மச்சான் தன் டிப்பரில் இருந்த கட்டையைத் தட்டி எடுத்தான். குமிழைத் திருகித் திருகிப் பார்த்து, தன் எடைக்கு சீட்டை வைத்துக்கொண்டான். யார்டில் அதுவரை ஒருத்தனும் செய்யாத காரியம். வண்டி ஓடும்போது கண்ணாடி வழியாக அவன் தலை மெதுவாக ஏறி இறங்குவது தெரியும். அவ்வளவுதான், கிளம்பிவிட்டோம்.

"யோவ், தொட்டில்ல தூங்கிகினே ஓட்டறான்யா."

"பால் குடிச்சிட்டியாண்ணே?"

லோடிங் பாயிண்ட்டில் அவன் வண்டி வந்தால் நாலு பேர் சேர்ந்து ஆராரோ பாடுவார்கள். நான் அதோடு விடவில்லை. சேத்தியாத்தோப்பு சந்தையில் ஒரு கிலுகிலுப்பை வாங்கினேன், சிவப்பு பிளாஸ்டிக். அவன் வண்டிக் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது கிலுகிலு என்றது. யார்டே கைதட்டியது. காசு கொடுத்து வாங்கி, பொறுமையாக முடிச்சுப் போட்டுக் கட்டிய கை இதுதான். எழுதும்போதே இந்தக் கையைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது.

எட்டு நாள் தாங்கினான். எனக்கு முதுகு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்போமா? மாட்டோம். வலி இல்லாத டிரைவர் யார்டில் யார்? எனக்கும்தான் வலித்தது. எல்லோருக்கும் வலித்ததால் யாருக்கும் வலிக்கவில்லை என்று வைத்துக்கொண்டோம். ஒன்பதாம் நாள் அவனே கட்டையையும் சுத்தியலையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"அடிச்சித் தொல மாப்ள. ஒங்க பாட்ட கேக்க முடியில."

அடித்தேன். சிரித்துக்கொண்டே அடித்தேன். இனி இளகவே கூடாது என்று இரண்டு அடி கூடுதலாகவே போட்டேன்.

மழைக்காலம் முழுக்க அப்படியே ஓட்டினான். தை மாதம் ஒரு நாள் காலை ஷிஃப்ட் முடிந்து, சேஃப்டி ஷூவைக் கழற்றிச் செருப்பை மாட்டிக்கொண்டு பைக் ஸ்டாண்டுக்கு நடந்தான். ஷெட் வாசலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். அவனுடைய இடது கால் செருப்பு பாதி வழியிலேயே கழன்று கிடந்தது. அவன் ஒற்றைச் செருப்போடு, ஒன்றும் நடக்காதது மாதிரி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"இன்னாண்ணே, ஒரு செருப்ப அடமானம் வெச்சிட்டியா?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தோம். நானும்.

மச்சான் குனிந்து காலைப் பார்த்தான். திரும்பி, பத்தடி தள்ளிக் கிடந்த செருப்பைப் பார்த்தான். மறுபடி காலைப் பார்த்தான். கீழே ஜல்லி. வெயிலில் காய்ந்த கூர் ஜல்லி. அதன் மேல் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறான், அவனுக்குத் தெரியவில்லை.

"மாப்ள," என்றான். அப்படி ஒரு குரலில் அவன் பேசி நான் கேட்டதில்லை.

பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கியிருக்கிறது என்றார் டாக்டர். நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். என்ன வண்டி, எத்தனை வருஷம், ரோடு எப்படி, சீட் எப்படி?

நான் பக்கத்திலேயே நின்றேன். மச்சான் என்னைப் பார்க்கவே இல்லை. "நல்ல சீட்டுதான் சார்," என்றான்.

ஆபரேஷன் ஆனது. வலி போனது, காலின் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. பாதம் கொஞ்சம் தொங்குகிறது, தூக்கித் தூக்கி வைத்து நடக்கிறான். கிளட்ச் மிதிக்கிற கால் அதுதான். டிப்பர் முடிந்தது. காண்ட்ராக்ட்காரர் யார்டு கேட்டில் வண்டி நம்பர் எழுதுகிற வேலை கொடுத்தார். பைக் ஓட்டுவதும் நின்றது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் வளையமாதேவிக்குப் போக ஆரம்பித்தேன்.

முதல் முறை போனபோதே அவன் மனைவி கேட்டாள். "அண்ணே, அந்த வண்டில ஆடற சீட்டு வெச்சிருக்குன்னு சொல்லுவாரே, முதுவுக்கு நல்லதுன்னு. அப்புறம் எப்படிண்ணே இப்டி ஆச்சி?"

"மழையில ரோடு ரொம்ப மோசம்மா," என்றேன். டம்ளரில் இருந்த மோரைக் குடித்தேன். இதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டேன்.

பந்தயம் பார்க்கும்போது நான் கட்சி மாறிவிட்டேன். இப்போது நான் ஆக்டிவ் சஸ்பென்ஷன் வேண்டும் என்று கத்துவேன். மச்சான் வேண்டுமென்றே எதிர்க்கட்சி பேசுவான்.

"அது பாதி வளைவுல பழுதானா இன்னா செய்வ? காரு பொத்துனு தரையில ஒக்காந்துடும். அப்புறம் ஸ்டியரிங் கேக்குமா?"

"பிரேக்குந்தான் பழுதாவுது. அதுக்காக பிரேக்க கழட்டிட்டா ஓட்டறான்?"

"செலவு ஆவுமே."

"அவனுங்க காரு ரெக்கைய மாத்தி மாத்திச் செலவு பண்ணாததா? எல்லாருக்கும் ஒரே மாதிரி சாமான் குடுத்துட்டா போச்சி."

"இன்னா மாப்ள, நான் பேசுனத அப்பிடியே பேசற?" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த விதிக்காரர்களிடம் எனக்கு வெறுப்பு தடையினால் மட்டும் இல்லை. பழுதானால் ஆபத்து என்பது நியாயமான பயம், அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வழி தேடலாம். ஆனால் ஓட்டுகிறவன் அவதிப்பட்டால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்கிற எண்ணம் இவர்களுக்கு உள்ளே இருக்கிறது. காரை அடக்கப் போராட வேண்டுமாம், அதுதான் திறமையாம். போராடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிரே வருகிறவனோடு போராடட்டும், வளைவோடு போராடட்டும். தன் முதுகுத்தண்டோடு என்ன போராட்டம்? இதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் ஓட்டியவர்கள் என்பதுதான் கேவலம். நான் பட்டேன், நீயும் படு என்கிறார்கள். எங்கள் யார்டில் அதற்குச் சுத்தியல் இருக்கிறது, அவர்களிடம் மைக் இருக்கிறது.

என் வண்டிக் கட்டையை நான் எடுத்துவிட்டேன். முதல் வாரம் வாந்தி வருகிற மாதிரி இருந்தது. ராம்ப்பில் ஒரு தடவை கிளட்ச் தவறியது. பத்து நாளில் பழகிவிட்டது. யாரும் ஆராரோ பாடவில்லை. எனக்குப் பாட அவர்களுக்குப் பயம். இதுவும் ஒரு கேவலம்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் யார்டுக்கு ஒரு புது டிப்பர் வந்தது. மாலை போட்டார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அதை ஓட்டப் போகிறவன் கட்டையையும் சுத்தியலையும் என்னிடம் நீட்டினான். "அண்ணே, ஒங்க கையால."

முடியாது என்றேன். குமிழை எப்படித் திருகுவது என்று காட்டுகிறேன், ஏறி உட்கார் என்றேன். அவன் நெளிந்தான். பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் யார்டில் எனக்கு அடுத்தபடி பழைய டிரைவர்.

"இவ்ளோ நாயம் பேசறியே. ஒங்க மச்சானுக்கு அடிச்சப்ப இந்தப் புத்தி எங்கண்ணே போச்சி?"

யாரும் சிரிக்கவில்லை. நான் கட்டையைப் பிடுங்கிச் சேற்றில் வீசினேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. அவன் பேசாமல் போய் வேறு கட்டையை எடுத்து வந்து, தானே நாலு அடி போட்டு ஏற்றினான். வண்டி கிளம்பியது. கேட்டில் மச்சான் நம்பர் எழுதிக்கொண்டான். அவனுக்கு அத்தனையும் கேட்டிருக்கும். கேட் அங்கிருந்து முப்பதடிகூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வளையமாதேவிக்குப் போனேன். பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்ற வந்தாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அவரு சீட்டு ஆடாம கட்ட அடிச்சது நான்தாம்மா. வலிக்குதுன்னு அவரு எடுத்துட்டாரு. நாங்க கிண்டல் பண்ணிப் பண்ணித் திருப்பி அடிக்க வெச்சோம். நான்தான் அடிச்சேன்."

மச்சான் டிவியைப் பார்த்துக்கொண்டே, "இவன் ஒரு லூசு, நீ குழம்ப ஊத்து," என்றான்.

அவள் ஊற்றவில்லை. கரண்டியைக் குண்டானுக்குள் வைத்தாள். அவன் காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போய் டிவியை நிறுத்தினாள்.

"ஒரு வருசமா இங்க ஒக்காந்துகினுதானே சாப்ட்டீங்க?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. "எழுந்திரிங்க. வூட்டுக்குப் போங்க."

எழுந்து வந்தேன். அவள் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வீட்டில் ஒருவராவது சரியானதைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை, அவளும் என் மனைவியோடு பேசுவதில்லை.

ஆனால் பந்தயம் ஆரம்பித்தால் மச்சான் போன் செய்கிறான். அவன் அவன் வீட்டு டிவியில், நான் என் வீட்டு டிவியில். காதில் போனை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பார்க்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை அந்த இஸ்திரி சட்டைக்காரன் சிரித்தபோது நான் போனிலேயே அவனைத் திட்டினேன். அவனையும் அவன் தடையையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"யாரத் திட்ற மாப்ள? அவனையா, ஒன்னையா?" என்றான் மச்சான்.

"ரெண்டு பேரையும்தான்."

"திட்டு திட்டு. கால்தான் மரத்துப் போச்சி, காது நல்லாத்தான் கேக்குது."

அப்போது போனுக்குள் தூரத்தில் அவன் மனைவியின் குரல் கேட்டது. யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டாள்.

"யாரும் இல்ல," என்றான் மச்சான். "டிவி பேசுது."